பலகையில் டன் கணக்கைப் போடுங்கள்: பசுமைக் கட்டடச் சான்றிதழ் தரும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பசுமைக் கட்டடச் சான்றிதழ் வழங்கும் அமைப்புகளுக்கும், அவற்றின் விதிகளை எழுதும் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் பதினான்கு வருடமாகக் கட்டடப் பராமரிப்பில் இருக்கிறேன். வரைபடம் போடுகிறவனும் இல்லை, கட்டுகிறவனும் இல்லை. திறப்பு விழா முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு அந்தக் கட்டடத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன். ஏசி, பம்பு, மோட்டார், ஜெனரேட்டர், கூரைமேல் இருக்கும் சோலார் எல்லாம் என் பொறுப்பு. இப்போது வேலை பார்க்கும் கட்டடத்தின் முகப்புக் கூடத்தில் உங்களில் ஓர் அமைப்பு கொடுத்த கண்ணாடிப் பலகை மாட்டியிருக்கிறது. உயர்ந்த தரம் என்று அதில் எழுதியிருக்கும். வருகிற விருந்தாளிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு நேர் கீழே, இரண்டு தளம் இறங்கினால், மீட்டர் அறை. அங்கே இதுவரை உங்கள் தரப்பிலிருந்து யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டடத்துக்குப் பசுமை என்று பெயர் கொடுப்பதானால், பூமியைச் சூடாக்கும் பசுமை இல்ல வாயுவை அது வருடத்துக்கு எத்தனை டன் வெளியே விடுகிறது என்று அளந்து, அந்த எண்ணைப் பலகையிலேயே போட்டு, அடுத்த வருடம் மறுபடி அளந்து, கெட்டுப்போயிருந்தால் பலகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். என் கோரிக்கை இதுதான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பசுமைக் கட்டடம் என்கிறோம், பசுமை இல்ல வாயு என்கிறோம். ஒன்று நல்லது, மற்றது கெட்டது, இரண்டிலும் பசுமை. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு இதை விளக்கித்தான் ஆக வேண்டும். விளக்கி முடித்ததும் அவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "அப்போ இந்தப் பலகை இருந்தா அந்த வாயு குறைச்சலா வருதுன்னு அர்த்தமா அண்ணா?" மனசாட்சியோடு ஆமாம் என்று சொல்ல எனக்கு இதுவரை வாய் வரவில்லை.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது மாடியில் இரண்டு அறை சரியாகக் குளிரவில்லை என்று புகார். எங்களிடம் இருப்பது வி.ஆர்.எஃப் வகை ஏசி, அதாவது கூரைமேல் இருக்கும் பெரிய யந்திரத்திலிருந்து செம்புக் குழாய் வழியாக எல்லா அறைக்கும் குளிர்பதன வாயு போய்த் திரும்பும். குழாய் நீள நீள இணைப்புகள் கூடும், இணைப்பு கூடக் கூட கசிவதற்கு வழி கூடும். ஏணி போட்டு, கூரைத்தட்டைத் தள்ளிவிட்டு, டார்ச் அடித்துக்கொண்டு ஒவ்வொரு பித்தளை நட்டிலும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே போனோம். மூன்றாம் நாள் மதியம் ஒரு நட்டின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குமிழ் வந்தது. மெதுவாகப் பெரிதாகி, உடைந்து, அதே இடத்தில் மறுபடி வந்தது. எத்தனை மாதமாக அப்படி வந்துகொண்டிருந்ததோ. நட்டைக் கழற்றி, குழாய் முனையை வெட்டி, புதிதாக விரித்துப் பொருத்தி, அழுத்தம் பார்த்துவிட்டு, தராசின் மேல் இளஞ்சிவப்பு சிலிண்டரை வைத்து வாயு ஏற்றினோம். ஒரு சிலிண்டர் முழுக்கக் காலியானது. 11.3 கிலோ.

அந்த வாயுவின் பெயர் ஆர்-410ஏ. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 2,088 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதுதான் பரவலாகப் பயன்படுத்தும் எண். பெருக்கிப் பாருங்கள், 23 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு மேல் வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அரை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொண்டால் 47,000 யூனிட்டுக்குச் சமம். எங்கள் கூரையில் 30 கிலோவாட் சோலார் இருக்கிறது. அது வருடம் முழுக்க வெயிலில் காய்ந்து தருவது 45,000 யூனிட்டை ஒட்டித்தான். அந்த சோலாருக்குச் சான்றிதழில் மதிப்பெண் கிடைத்தது, முகப்புக் கூடத்துத் திரையில் அது இன்றைக்கு எத்தனை யூனிட் தந்தது என்று ஓடிக்கொண்டே இருக்கும். குமிழ் விட்ட நட்டுக்கு எந்தத் திரையிலும் இடமில்லை, நாங்கள் சிலிண்டர் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு வரி மட்டும்.

குளிர்பதன வாயுவை உங்கள் விதிகள் மறந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் லீட் என்கிற சான்றிதழ் முறையில் அதற்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் கட்டடம் எழும்புவதற்கு முன்னால் காகிதத்தில் போடும் கணக்கு அது. வருடத்துக்கு 2 சதவீதம் கசியும் என்று எடுத்துக்கொண்டு போடுவார்கள். எங்கள் குழாய்களில் மொத்தம் 90 கிலோ வாயு இருக்கிறது. 11 கிலோ போனது என்றால் எட்டில் ஒரு பங்கு போயிருக்கிறது. காகிதம் சொன்னதைப் போல ஆறு மடங்கு. இதை யாரிடம் சொல்வது? சான்றிதழ் வந்து பல வருடம் ஆகிவிட்டது.

எரிசக்தி மதிப்பெண் எப்படி வருகிறது என்பது இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் இது திறந்த மடல் என்பதால் எழுதுகிறேன். கணினியில் இரண்டு கட்டடம் கட்டுவார்கள். ஒன்று, நிஜமாகக் கட்டப்போகும் கட்டடத்தின் மாதிரி. இன்னொன்று, அதே இடத்தில், அதே பரப்பளவில், ஆஷ்ரே 90.1 மாதிரியான ஒரு விதிநூல் கேட்கும் குறைந்தபட்சத் தரத்தில் மட்டும் கட்டினால் எப்படி இருந்திருக்குமோ அந்தக் கட்டடம். இரண்டாவது எங்கேயும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை. அதைவிட எத்தனை சதவீதம் குறைவாகச் செலவாகும் என்பதற்குத்தான் மதிப்பெண். இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தேவையான அளவைப் போல இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டினால், ஒப்பிடும் கற்பனைக் கட்டடமும் இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். சதவீதம் அசையாது. காற்றில் கலப்பது மட்டும் இரட்டிப்பாகும்.

அப்புறம், எதில் குறைவு என்று பார்க்கிறோம் என்பது. லீட் 2009 பதிப்பில் மொத்தம் 110 மதிப்பெண், அதில் எரிசக்திச் சிக்கனத்துக்கு 19 வரை, அந்தச் சிக்கனத்தையும் அளந்தது எரிசக்திக் கட்டணப் பணத்தில். பணமும் கார்பனும் எப்போதும் கைகோத்துப் போவதில்லை. இரவில் கட்டணம் குறைவாக இருக்கும் ஊரில் ராத்திரி முழுக்க சில்லர் என்கிற பெரிய குளிரூட்டும் யந்திரத்தை ஓட்டி ஐஸ் கட்டிவைத்து, பகலில் அதை உருக்கிக் குளிரூட்டலாம். பில் நன்றாகவே குறையும். ஐஸ் உறைய வைக்க சில்லர் கூடுதல் சிரமப்படும் என்பதால் யூனிட் கூடினாலும் கூடலாம். அந்த ஊரில் இரவு மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறது என்றால் கார்பனும் கூடும், மதிப்பெண்ணும் கூடும். 4.1 பதிப்பில் பணத்தோடு பசுமை இல்ல வாயுவையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தார்கள், நல்லது. ஆனால் புதுக் கட்டடத்துக்குச் சான்றிதழ் தரும்போது அளந்தது கணினி மாதிரியைத்தான், மீட்டரை இல்லை.

மதிப்பெண்களை ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ள முடிவது இன்னொரு பிரச்சினை. லீட் முறையில் 40 வந்தால் சான்றிதழ், அதற்கு மேலே சில்வர், கோல்டு, 80ஐ எட்டினால் உச்சத் தரமான பிளாட்டினம். 2009 பதிப்பில் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் உடை மாற்றும் அறைக்கும் சேர்த்து 1, உங்கள் தேர்வில் தேறிய ஒருவர் கட்டும் குழுவில் இருந்தால் 1. இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். நல்ல காற்று, நல்ல வெளிச்சம், குறைந்த தண்ணீர்ச் செலவு, வாடை அடிக்காத பெயின்ட், இவற்றைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்ததில் உங்கள் பங்கு பெரிது. 1990ல் பிரிட்டனில் பிரீயம் என்கிற சான்றிதழ் முறை தொடங்கியபோது கட்டடத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் சம்பந்தம் உண்டு என்று பேசியவர்களே கொஞ்சம் பேர்தான். ஆனால் தண்ணீர் மிச்சம் பிடித்ததை வைத்துக் கார்பனை ஈடுகட்ட முடியாது. வானத்துக்கு அந்தக் கூட்டல் தெரியாது. தனித்தனியாக மதிப்பெண் கொடுங்கள், ஒன்றோடு ஒன்றைக் கலக்காதீர்கள்.

நான் ஒரு கட்டடத்தை வைத்துப் பேசுவதாகத் தோன்றலாம். ஆய்வுகளும் இருக்கின்றன. 2009ல் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்தவர்கள் 100 லீட் கட்டடங்களின் உண்மையான எரிசக்திக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் ஒரு சதுர அடிக்கு மற்ற கட்டடங்களைவிட 18 முதல் 39 சதவீதம் வரை குறைவு. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அதே ஆய்வில் 28 முதல் 35 சதவீதக் கட்டடங்கள் தங்களுக்கு இணையான சாதாரணக் கட்டடங்களைவிட அதிகம் செலவழித்தன. அதைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது வேறு: எந்தத் தரச் சான்றிதழ் வாங்கினார்கள், எரிசக்தியில் எத்தனை மதிப்பெண் வாங்கினார்கள் என்பதற்கும், உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதற்கும் பெரிய தொடர்பே தெரியவில்லை.

அப்புறம் 2013ல் ஜான் ஸ்கோஃபீல்ட் என்கிற இயற்பியல் பேராசிரியர் நியூயார்க் நகரத்து அலுவலகக் கட்டடங்களை ஆராய்ந்தார். அந்த நகரம் பெரிய கட்டடங்கள் எல்லாம் வருடா வருடம் எரிசக்திக் கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்ததால் 953 அலுவலகக் கட்டடங்களின் கணக்கு அவர் கைக்குக் கிடைத்தது, அவற்றில் 21 லீட் சான்றிதழ் வாங்கியவை. அந்த 21ஐயும் மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் பசுமை இல்ல வாயுவில் மிச்சம் எதுவும் இல்லை. கோல்டு வாங்கியவை 20 சதவீதம் நன்றாக இருந்தன. சில்வரும் அதற்குக் கீழே உள்ளவையும் சாதாரணக் கட்டடங்களைவிட மோசம். 21 என்பது சின்ன எண்ணிக்கை என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனால் எண்ணிக்கையைப் பெரிதாக்குவது உங்கள் கையில்தானே இருக்கிறது? 2009 பதிப்பிலேயே சான்றிதழ் வாங்குகிறவர் ஐந்து வருடம் எரிசக்திக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் உங்களோடு பகிர வேண்டும் என்று நிபந்தனை வைத்தீர்கள். உங்களிடம் வந்த கணக்கையெல்லாம் கட்டடம் கட்டடமாக வெளியிட்டிருந்தால் இந்த விவாதமே எப்போதோ முடிந்திருக்கும்.

சராசரி பற்றி ஒரு வார்த்தை. உங்கள் அறிக்கைகளில் சராசரி அடிக்கடி வருகிறது, அது எப்படி ஏமாற்றும் என்பதை என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்கிறேன். பத்துக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது சின்னவை, ஒவ்வொன்றும் 1,000 சதுர மீட்டர். ஒன்று மட்டும் 50,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு வழக்கமான செலவு 100 யூனிட். சின்னவை ஒன்பதும் 40 சதவீதம் மிச்சம் பிடிக்கின்றன, பெரியது 10 சதவீதம் கூடச் செலவழிக்கிறது. பத்துக்கும் சராசரி போட்டால் 35 சதவீத மிச்சம் என்று வரும், அறிக்கை எழுதிவிடலாம். மொத்த யூனிட்டைக் கூட்டுங்கள். வழக்கமாக ஆகியிருக்க வேண்டியது 59 லட்சம். இப்போது ஆனது 60 லட்சத்து 40 ஆயிரம். 35 சதவீதம் மிச்சம் என்று அறிவித்த அதே வருடம் 1,40,000 யூனிட் கூடுதல். பெரிய கண்ணாடிக் கோபுரங்கள்தான் உங்களிடம் அதிகம் வருகின்றன என்பதால் இது எனக்கு வெறும் பள்ளிக்கூடக் கணக்காகத் தெரியவில்லை.

கட்டடம் ஏன் காகிதம் மாதிரி நடப்பதில்லை என்றால், அதை நடத்துவது மனிதர்கள். காற்றை அறைகளுக்குத் தள்ளும் யந்திரத்தின் பெட்டியில் மூன்று நிலை சுவிட்ச் ஒன்று இருக்கும்: ஹேண்ட், ஆஃப், ஆட்டோ. ஆட்டோவில் இருந்தால் கணினி சொல்லும் நேரத்துக்கு ஓடும், நிற்கும். ஹேண்ட் என்றால் யாராவது வந்து திருப்பும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒவ்வொரு தளமாக நடந்துகொண்டிருந்தேன், ஆளில்லாத தளத்தில் காற்றுச் சத்தம் கேட்டது. பெட்டியைத் திறந்தால் சுவிட்ச் ஹேண்ட் நிலையில் இருக்கிறது, மேலே தூசி படிந்திருக்கிறது. ஏதோ ஒரு மாலை நிகழ்ச்சிக்காக யாரோ திருப்பியது, திரும்ப ஆட்டோவுக்குக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். பதிவுகளைப் புரட்டியதில் பதினோரு மாதம். 15 கிலோவாட் மோட்டார், முழு வேகத்தில், இரவு 12 மணி நேரம் யாருக்குமில்லாமல் ஓடியது என்றால் 59,000 யூனிட்டுக்கு மேல், மறுபடியும் அந்தச் சோலார் ஒரு வருடத்தில் தருவதைவிட அதிகம். கணினி மாதிரியில் அந்த விசிறி தினமும் மாலை ஏழு மணிக்கு ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. மாதிரி போட்டவர் பொய் சொல்லவில்லை, சுவிட்சைத் திருப்பியவரும் கெட்டவர் இல்லை. திரும்பிப் பார்க்க யாரும் இல்லை, அதுதான் குறை. வருடத்துக்கு ஒருமுறை மீட்டரைக் காட்டித்தான் பலகையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று இருந்திருந்தால், எங்கள் மேலாளரே இரண்டாம் மாதம் என்னைக் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார்.

இதுவரை சொன்னது கட்டடம் ஓடும்போது வெளியாவது. கட்டும்போதே வெளியாவது வேறு, அதை நீங்கள் ரொம்ப காலம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டீர்கள். சிமென்ட் செய்ய சுண்ணாம்புக் கல்லை உலையில் 1,450 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். எரிபொருளிலிருந்து வரும் புகை ஒரு பக்கம் இருக்க, கல்லே உடைந்து கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. உலையிலிருந்து வெளிவந்து பிறகு சிமென்டாக அரைபடும் கட்டிக்குக் கிளிங்கர் என்று பெயர், ஒரு டன் கிளிங்கருக்கு அரை டன்னுக்கு மேல் அந்தக் கல்லிலிருந்து மட்டும் வருகிறது. உலையைச் சூரிய சக்தியில் சூடாக்கினாலும் இது நிற்காது. உலகத்தின் கார்பன் வெளியீட்டில் 7, 8 சதவீதம் சிமென்டிலிருந்து என்பது இதனால்தான். கசடும் சாம்பலும் சுட்ட களிமண்ணும் கலந்து கிளிங்கரைக் குறைக்கலாம், இரும்பைக் குறைத்து வடிவமைக்கலாம், ஆனால் எல்லாவற்றிலும் பெரிய மிச்சம், ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தை இடிக்காமல் சரிசெய்து வைத்துக்கொள்வதுதான்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கிறேன். 20,000 சதுர மீட்டர் பழைய அலுவலகத்தை இடித்துவிட்டு அதே அளவில் புதிதாகக் கட்டுகிறார்கள். சதுர மீட்டருக்கு 600 கிலோ என்று வைத்தால், இது அதிகமான மதிப்பீடு இல்லை, கட்டி முடிப்பதற்குள் 12,000 டன் வெளியே போய்விடும். புதிய கட்டடம் பழையதைவிட வருடத்துக்குச் சதுர மீட்டருக்கு 20 கிலோ மிச்சம் பிடித்தால் வருடத்துக்கு 400 டன். போனதை ஈடுகட்ட முப்பது வருடம். அந்த முப்பது வருடத்தில் மின்சாரமே சுத்தமாகிக்கொண்டு வந்தால் மிச்சம் இன்னும் குறையும், வருடம் இன்னும் நீளும். ஆனால் திறந்த அன்றைக்கே அந்தக் கட்டடத்துக்கு உயர்ந்த தரப் பலகை. பழைய கட்டடத்தை வைத்துக்கொண்டு ஜன்னலும் ஏசியும் மட்டும் மாற்றியிருந்தால் யார் அதைப் படம் எடுத்திருப்பார்கள்?

இதைச் சட்டமாகவே செய்ய முடியும் என்று டென்மார்க் காட்டிவிட்டது. 2023லிருந்து அங்கே 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடம் எதுவானாலும், பொருளையும் ஓட்டத்தையும் சேர்த்து 50 வருடத்துக்குக் கணக்குப் போட்டு, சதுர மீட்டருக்கு வருடத்துக்கு 12 கிலோவைத் தாண்டக் கூடாது என்று வைத்தார்கள். அப்புறம் 2025ல் அந்த வரம்பை இன்னும் இறுக்கினார்கள். சதவீதம் கிடையாது, கற்பனைக் கட்டடம் கிடையாது, நேரடியாகக் கிலோ. ஓர் அரசு சட்டமாகப் போடுவதை, விரும்பி வந்து பணம் கட்டிச் சேருகிறவர்களிடம் கேட்க உங்களுக்கு ஏன் தயக்கம்?

ஓட்டத்தை அளப்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1990களின் கடைசியிலிருந்தே நேபர்ஸ் என்கிற மதிப்பீட்டுமுறை இருக்கிறது. அவர்கள் வரைபடத்தைப் பார்த்து நட்சத்திரம் கொடுப்பதில்லை, 12 மாத உண்மையான பில்லைப் பார்க்கிறார்கள், கொடுத்த நட்சத்திரமும் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். கட்டும் முன்னால் இத்தனை நட்சத்திரம் வாங்குவேன் என்று உடன்படிக்கை போடலாம், ஆனால் ஆள் குடியேறி ஓடிய பிறகு மீட்டர் அதை நிரூபிக்க வேண்டும். நியூயார்க் நகரம் 2019ல் 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு வெளியீட்டு வரம்பு வைத்துச் சட்டம் போட்டது. 2024லிருந்து அது நடப்பில் இருக்கிறது, தாண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் வருடத்துக்கு 268 டாலர் அபராதம். உங்கள் பலகையை நம்பி ஒரு கட்டடத்தை வாங்கியவர் அந்த அபராதத்தைக் கட்ட நேர்ந்தால் அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் வரும் பதில்கள் சில உண்டு. வாடகைக்கு இருப்பவர் கம்ப்யூட்டர்களை ராப்பகலாக ஓட்டினால் கட்டடம் என்ன செய்யும் என்பார்கள். சரி, நியாயமான கேள்வி. நேபர்ஸ் அதற்குத்தான் கட்டடத்தின் பொதுச் சேவைகளுக்குத் தனி, வாடகைதாரர் பகுதிக்குத் தனி, மொத்தத்துக்குத் தனி என்று பிரித்து மதிப்பிடுகிறது. துணை மீட்டர் போட்டால் முடிந்தது, நான் போட்டுக் காட்டுகிறேன், ஒரு வார வேலை. மீட்டர் கணக்கு உரிமையாளரின் ரகசியம் என்பார்கள். பாராட்டை ஊருக்குச் சொல்ல ஒத்துக்கொண்டவர் கணக்கை மட்டும் மூடிவைப்பது எப்படிச் சரியாகும்? கடுமையாக்கினால் யாரும் வர மாட்டார்கள் என்பதுதான் மூன்றாவது. சில பேர் வர மாட்டார்கள்தான். வராமல் போகிறவர்கள் மீட்டரைக் காட்டத் தயாராக இல்லாதவர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ். வேறெங்கோ இருக்கும் சோலார் பண்ணையிலிருந்து வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று காகிதம் வாங்கிவிட்டு, எங்கள் மின்சாரம் முழுக்கப் பசுமை என்று எழுதுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் கட்டடம் இழுக்கும் மின்சாரம் அந்த நேரத்தில் ஓடும் மின்நிலையத்திலிருந்துதான் வருகிறது, அப்போது சூரியன் இல்லை. பசுமை இல்ல வாயுக் கணக்குக்கு உலகம் பயன்படுத்தும் ஜி.எச்.ஜி. புரோட்டோகால், 2015லேயே இந்த விஷயத்தில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லிவிட்டது: வாங்கிய காகிதத்தைக் கழித்த எண் ஒன்று, அந்த ஊர் மின்கட்டமைப்பின்படி வரும் எண் ஒன்று. பலகையில் இரண்டும் இருக்கட்டும். காகிதம் வாங்குவது தப்பில்லை, அதை வைத்து மற்ற எண்ணை மறைப்பதுதான் தப்பு.

2025ல் வந்த லீட் 5ஆம் பதிப்பைப் படித்தேன். கட்டுமானப் பொருள்களின் கார்பனைக் கணக்கிடுவது இனி விருப்பம் இல்லை, கட்டாயம். ஓடும்போது வெளியாகப்போவதை முன்கூட்டியே கணித்துக் குறைக்கும் திட்டமும் கட்டாயம். பிளாட்டினம் வேண்டும் என்றால் கார்பன் விஷயத்தில் தப்பிக்கவே முடியாதபடி தனி நிபந்தனைகள். படித்தபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன், இதற்காகப் போராடியவர்கள் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று புரிந்தது. ஆனால் கணக்கிடுவதும் கணிப்பதும் கட்டடம் திறக்கும் முன்னால் நடப்பவை. அதற்குப் பிறகு நாற்பது ஐம்பது வருடம் அது ஓடப்போகிறது, சுவிட்ச் ஹேண்டுக்குப் போகும், நட்டு கசியும், சென்சார் தப்பாகக் காட்டும், ஆள் மாறுவார்கள். புதுக் கட்டடத்துக்குக் கொடுத்த லீட் பலகையை அந்த வருடங்களில் யாரும் திரும்பக் கேட்பதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், திறப்பு விழா அன்றைக்குத் தற்காலிகச் சான்றிதழ் ஒன்று கொடுங்கள், போதும். 12 மாதம் ஓடட்டும். மின்சாரம், எரிவாயு, ஜெனரேட்டர் டீசல் பில்லையும் குளிர்பதன வாயு ஏற்றிய சிலிண்டர் கணக்கையும் வாங்கிப் பாருங்கள். கட்டுமானத்தின்போது போன டன்னைத் தனி வரியாகவும், வருடாந்திர டன்னைத் தனி வரியாகவும், சதுர மீட்டருக்கு எவ்வளவு என்பதோடு மொத்தம் எவ்வளவு என்பதையும் பலகையில் எழுதுங்கள். பலகையில் ஆண்டையும் போடுங்கள், அடுத்த ஆண்டு கணக்கு வரவில்லை என்றால் செல்லாது என்றும் போடுங்கள். ஆய்வுக்கு வருகிறவர் முகப்புக் கூடத்தோடு திரும்பிப் போகாமல் கீழே வரட்டும், மீட்டர் அறை வரைக்கும்.

எங்கள் கட்டடத்தின் ஆறு வருட மின்கணக்கு என்னிடம் மாதவாரியாக இருக்கிறது. சிலிண்டர் நோட்டும் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோ ஏற்றினோம், எந்த நட்டு, எந்தத் தேதி என்று எல்லாம் கையால் எழுதியது. நிர்வாகத்திடம் பேசிவிட்டேன், கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் படிவத்தில் இதை எழுத ஒரு கட்டம் போட்டுத் தாருங்கள், அடுத்த நாளே நிரப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கட்டடப் பராமரிப்பாளன்